அறுபதாம் நிமிடம்

இருட்டில் உட்கார்ந்திருக்கச்
சம்பளம் வாங்குகிறவள் நான்.
த்ரோம்ஸோ துறைமுகம், டிசம்பர்.
சூரியன் போய் இருபது நாளாயிற்று,
யாரும் தேடவில்லை.

பயணிகள் இறங்கிய கப்பலுக்குள்
ஓட்வார் மெயின் சுவிட்சை அணைக்கிறான்.
தரையோரம் பச்சைக் கோடொன்று எழுந்து
படிக்கட்டுவரை நடக்கிறது.

பத்தாம் நிமிடத்தில் பதினைந்து மில்லிகேண்டலா.
அறுபதில் இரண்டு.
குறைந்தால் கையெழுத்து கிடையாது.

யுரோப்பியம் வாங்கிய வெளிச்சத்தை
டிஸ்ப்ரோசியம் மடியில் முடிந்துகொள்கிறது.
(அதுதான் முடிகிறதா என்று
ஆய்வாளர்களுக்குள் வழக்கு இன்னும் தீரவில்லை.)
அறையின் வெதுவெதுப்பு முடிச்சைத் தட்டத் தட்ட
காசு காசாக விழுகிறது ஒளி.
கீழே கார்த்தளத்தில், மைனஸ் எட்டில்,
அதே பட்டை மங்கல்.
குளிரில் முடிச்சு இறுகிவிடும்.
மீட்டர் அதைக் குறை என்று எழுதும்.
இன்னும் செலவாகவில்லை என்று
நான் படிப்பேன்.

நானூற்றுப் பதினெட்டாம் அறை வாசலில்
கோடு அறுந்திருந்தது.
இரண்டு முழம் கறுப்பு.
"மட்டமான சரக்கு" என்றேன்.

ஓட்வார் பதில் சொல்லவில்லை.
இருபதாம் நிமிடத்துக்குமேல்
இருட்டில் எல்லோரும் பேசுவார்கள்,
என் அனுபவம்.

"அக்டோபரில் ஒரு ராத்திரி, லோப்பாவில் கடும் அலை.
உள்ளே ஒரு கைக்குழந்தை.
கதவிடுக்கில் வெளிச்சம் குத்துகிறது,
தூங்கமாட்டேன் என்கிறது என்றாள் தாய்.
மேலிருந்த குழல்விளக்கைக் கழற்றினேன்.
மாட்ட மறந்துபோச்சு."

பட்டையில் கோளாறில்லை.
இரண்டு மாதமாக
அதற்கு யாரும் எதுவும் கொடுக்கவில்லை,
அவ்வளவுதான்.

'தேறவில்லை' என்று எழுதினேன்.
காரணம் எழுத
படிவத்தில் ஓர் அங்குலம் இடம்.
'விளக்கு இல்லை.'
குழந்தை அதில் கொள்ளவில்லை.

அவன் ஏணி கொண்டுவந்தான்.
குழல் இரண்டுமுறை கண்சிமிட்டிப் பற்றியது.
பட்டை நிரம்பும்வரை
தரையில் உட்கார்ந்து
ஆறிப்போன காபியைக் குடித்தோம்.
குழந்தை பிறகு தூங்கியதா என்று கேட்டேன்.
தெரியாது என்றான்,
அலை அடங்கியதும் தானும் தூங்கிவிட்டானாம்.

மறுபடி சுவிட்ச்.
மறுபடி அறுபது நிமிடம்.

அறுந்த இடம் கூடிக்கொண்டது.
ஆனால் நடுவில்
ஐந்து விரல், ஓர் உள்ளங்கை, கறுப்பாக.
விளக்கெரிந்த நேரமெல்லாம்
ஊன்றியிருந்திருக்கிறேன்.
கையை எடுத்த பிறகும்
அதன் நிழல் போகவில்லை.

அறுபதாம் நிமிடம்: இரண்டு புள்ளி மூன்று.
கையெழுத்துப் போட்டேன்.

என் கை விழுந்த இடத்தில் மட்டும்
மீட்டரை வைக்கவில்லை.