இருநூற்றுப் பதினான்கு தாளவட்டங்கள்

தொழிலே ஜால்ரா எனக்கு.
ஆனாலும் அன்செல்ம் தெல்பெக்கைப் பற்றி
முகத்துதியாய் ஒன்றும் சொல்லப்போவதில்லை.
லீல் நகர இசைக்குழுவின் கடைசி வரிசையில்
இருபத்திரண்டு வருடம் நின்றவன் நான்,
கையில் இரண்டு வெண்கலத் தட்டுகள்.
சீட்டு வாங்கியவர்களுக்கு அவர் முதுகைக் காட்டினார்,
சம்பளம் வாங்கிய எங்களுக்கு
முகத்தை.

அது அழகான முகமில்லை.
மெல்லிய இடங்களில் கீழுதடு தொங்கும்.
புல்லாங்குழல் பிசகினால்
பல்வலிக்காரனைப் போல் ஒரு கண் மட்டும் மூடும்.

பெத்யூன் கால்வாயில்
மதகுக்காரர் மகன்.
நிலக்கரிப் படகுகள் வரிசைகட்டி வரும்போது
தண்ணீர் ஏறும்வரை
இடது உள்ளங்கையை உயர்த்தி நிறுத்திவைப்பது
ஏழு வயதில் அவர் வேலை.
இருநூறு டன் கரி
ஒரு பொடியன் கைக்கு நிற்கும்.
பின்னாளில் டிராம்போன்களும் நின்றன
அதே கைக்கு,
அவ்வளவு சுலபமாக இல்லை.

பாரிஸ் இசைக் கல்லூரியில் இரண்டாம் பரிசு.
முதல் பரிசு வாங்கியவன் பெயர்
இன்று யாருக்கும் நினைவில்லை.
அவருக்கு மட்டும் இருந்தது, சாகும்வரை.

பிறகு பதினோரு வருடம்
தியெப் கடற்கரையில் ஒரு சூதாட்ட விடுதி.
உருளும் பந்தின் சத்தத்துக்கு மேலே வால்ட்ஸ்.
பத்து நாற்பத்தேழு கடைசி ரயிலுக்கு
இரண்டு வயலின்காரர்கள் ஓடவேண்டும்,
அதனால் எந்த இசையையும்
பத்து முப்பத்தைந்துக்கு முடிக்கக் கற்றார்.
"என் வேகமெல்லாம் ரயில்வேயிடம் படித்தது" என்பார்.
ஜெயித்தவர்கள் சில்லறை வீசுவார்கள்,
பொறுக்குவது செல்லோவின் உரிமை.

போரில் நான்கு வருடம் கைதி.
"முகாமில் என்ன எழுதினீர்கள்?"
வானொலிக்காரி ஆவலாய்க் கேட்டாள்.
"உருளைக்கிழங்குக் கணக்கு."

சிம்பொனி என்று ஒன்றே ஒன்று,
ஐம்பத்தொன்பதாவது வயதில்,
சமையலறை மேசையில் வைத்து எழுதியது.
ஒரு பக்கத்தில் வெண்ணெய்க் கறை.
படியெடுத்தவள் அதையும் சுரமென்று எண்ணி
ஓபோவுக்குக் கொடுத்துவிட்டாள்.
இருக்கட்டும் என்றார்.

அதன் மூன்றாம் பகுதியில் எனக்கு ஒரே ஓர் அடி.
அதற்கு முன்
இருநூற்றுப் பதினான்கு தாளவட்டம் மௌனம்.
எண்ணியதுண்டா நீங்கள்,
சும்மா இருப்பதை?
நூற்றைம்பதில் மூக்கு அரிக்கும்.
நூற்றெண்பதில் வீட்டு வாடகை.
இருநூறைத் தாண்டினால்
உலகமே உன்னைத்தான் நம்பியிருக்கிறது.

அரங்கேற்றம் பிப்ரவரியில். ஆலங்கட்டி மழை.
பாதி நாற்காலிகள் காலி.
பதின்மூன்று, பதினான்கு,
தட்டுகளை மார்புக்கு நேரே தூக்கினேன்.
அவர் என்னையே பார்த்தார்.
இடது உள்ளங்கை எழுந்தது.

நில்.

நின்றேன், கரிப்படகு போல.
கூரையில் ஆலங்கட்டி.
யாரோ கைக்குட்டையை மடிக்கும் ஓசை.
பிறகு வயோலாக்கள் உள்ளே வந்தன,
அடியிலிருந்து, கலங்கலாக,
தண்ணீர் ஏறுவது போல.

மறுநாள் பத்திரிகை
துணிச்சலான மௌனம் என்றது.
ஒத்திகை ஒன்பதிலும் அடித்திருக்கிறேன் அய்யா,
செவிப்பறை கிழிய.
படிக்கட்டில் மறித்துக் கேட்டேன்.
மழைக்கோட்டின் கை எதுவென்று தெரியாமல்
திணறிக்கொண்டே சொன்னார்:
"மறுபக்கம் ஒரு படகு நின்றது."
அவ்வளவுதான் விளக்கம்.
அப்போதே அவருக்கு ஞாபகம் பிசகத் தொடங்கியது என்பான்
இரண்டாம் பசூன்.
அவன் அவருக்குக் கடன் பாக்கி.

அச்சான பிரதியில் என் அடியை நீக்கினார்,
ஆளை நீக்கவில்லை.
கருவிப் பட்டியலில் இன்றும் உண்டு:
வெண்கலத் தட்டுகள், ஒருவர்.
எந்த ஊரில் வாசித்தாலும்
என்னைப்போல் ஒருவன் காசு வாங்கிக்கொண்டு
எண்ணுகிறான், தூக்குகிறான்,
இறக்கிவைக்கிறான்.

எந்த ஊரிலும் என்ன, மொத்தமே நான்கு ஊர்.
ரூவானில் அந்த ஆள்
கை பதறி அடித்தேவிட்டானாம்.
தெல்பெக் அப்போது படுக்கையில்,
வானொலியில் கேட்டுக்கொண்டிருந்தார்.
மனைவி சொன்னாள்:
கோபமே இல்லை.
"சரி, போகட்டும்,
தண்ணீர் ஏறிவிட்டது" என்றாராம்.