பசிக்கோடு

எவால்ட் சாவியோடு ஒரு தாளும் தந்தான்:
காலையில் பார்லி, மக்காச்சோளம் கொஞ்சம்.
மாலையில் பட்டாணி, ஆளிவிதை, கடுகு,
பூண்டெண்ணெய் பிசிறி ஈஸ்ட் தூவி.
“இறகு மாற்றுகிற மாசம், யுஸ்டினா.
பந்தயத்தில் கோட்டைவிட்டால் ஒரு ஞாயிறு போகும்.
இப்போது விட்டால் ஒரு வருஷம்.”
குடலிறக்கத்துக்கு அறுவை. ஐந்து நாள்.
பித்தோம் ஆஸ்பத்திரி ஜன்னலிலிருந்து
எங்கள் சுரங்கக் குடியிருப்பின் செங்கல்கூடத் தெரியாது.

மூன்று நாள் ஒழுங்காகப் போட்டேன்,
கடைசி டிராமை நிறுத்திய கையோடு,
சீருடையைக்கூட மாற்றாமல் ஏணியேறி.
தரையெல்லாம் இறகு.
கழுத்து வழுக்கையான புறாக்கள்
கடன்காரனைக் கண்டவை போல
மூலையில் ஒதுங்கி நின்றன.

நாலாம் நாள் ஒருவன் கூப்பிட்டான்.
பெயர் சொல்லும் அளவுக்கு ஆளில்லை அவன்.
ஏரிக்கரையில் வீடு, பொரித்த மீன், கிராமபோன்.
புறாக்கூண்டின் சாவி என் கோட்டுப் பையில்
என்னோடு வந்தது,
இரவெல்லாம் நாற்காலி முதுகில் தொங்கியது.

திரும்பியதும் இரண்டு பங்கு போட்டேன்.
தின்றன.
எவால்ட் கேட்டபோது
“வேளாவேளைக்கு” என்றேன்.
வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்,
தையல் வலிக்குமாம் சிரித்தால்.

அக்டோபரில் ஒரு சாயங்காலம்
317ஆம் வளையத்துப் பெட்டையை எடுத்து
விளக்குக்கு எதிரே சிறகை விரித்தான்,
சீட்டாட்டக்காரன் சீட்டை விரிப்பது போல.
வெளியிலிருந்து இரண்டாவது, ஒன்பதாம் இறகு.
அதன் குறுக்கே
நகத்தால் கீறியது போல ஒரு கோடு.
அதற்கடுத்த புறாவை எடுத்தான்.
அதற்கடுத்ததை.
அந்த வாரம் முளைத்துக்கொண்டிருந்த
ஒவ்வோர் இறகிலும் அதே கோடு,
வெள்ளம் வடிந்த வீதியில்
எல்லாச் சுவரிலும் தெரியும் தண்ணீர்த் தடம் போல.

பள்ளிக்கூட அடிக்கோலை எடுத்தான்.
அளந்தான். காலண்டரைப் பார்த்தான்.
என்னைப் பார்க்கவில்லை.
“குளிக்கத் தண்ணீர் வை” என்றான்.

வைத்தேன்.
குளித்து முடித்த தொட்டியில்
மாவு கரைத்தது போல வெள்ளை ஆடை மிதந்தது.
இறகில் பொடி நிறைந்திருக்கிறது, நல்ல அறிகுறி.
மற்றதெல்லாம் சரியாகிவிட்டது.
உடம்பு தேறிவிட்டது, கண்ணில் பளபளப்பு,
மார்பைத் தடவினால் பட்டு.
ஆனால் வளர்ந்து முடிந்த இறகில் ரத்தம் ஓடாது.
இனி சணல்விதையைக் கையில் வைத்து ஊட்டினாலும்
கோடு ஆறாது.
உதிரும்வரை அதைச் சுமந்துதான் பறக்க வேண்டும்.

மே மாதம், மாக்டபர்க்.
எதிர்காற்று.
அண்ணாந்தே நின்றதில்
என் கழுத்து இற்றுப்போனது.
பத்துப் பேர் வீட்டுக் கூரையில்
பத்துப் புறா இறங்கிய பிறகு 317 வந்தாள்,
ஒரு பக்கமாகச் சாய்ந்து.
ஒன்பதாம் இறகு
கோட்டில் சரியாக முறிந்திருந்தது.
கழற்றிவிட்ட பல்லின் இடம் போல
சிறகில் வானம் தெரிந்தது.

எவால்ட் மூக்கோடு மூக்கு வைத்து
அவளுக்கு ஏதோ சொன்னான்.
பதினொன்றாம் இடம் என்று சங்கத்துக்குத் தகவல் கொடுத்தான்.
“காற்று” என்றான் போனில், “காற்றுதான்.”

அப்போது என் வாய் தானாகத் திறந்தது:
“இரண்டு நாள், எவால்ட்.
இரண்டு நாள் நான் வரவில்லை.”

தீனி டப்பாவைக் கிளறிக்கொண்டே
“ஒன்றரை” என்றான்.
“வெள்ளி மத்தியானம் வந்திருக்கிறாய்.”

பிறகு டப்பாவை என்னிடம் நீட்டினான்.
முதலில் அவளுக்கு.
பார்லி மட்டும், லேசாக,
களைத்த வயிற்றுக்குப் பட்டாணி ஆகாது.
போட்டேன்.
உள்ளங்கையில் அலகு குத்திக்கொண்டே இருந்தது.

“மூடியை இறுக்கு” என்றான் ஏணியில் இறங்கும்போது,
“எலி இருக்கிறது.”