வரி கட்டிய தண்ணீர்

மூன்று நாள் வாடைக்காற்று
சதுப்பிலிருந்த தண்ணீரை வளைகுடாவுக்குத் தள்ளிவிட்டது.
மிச்சம் முழங்காலுக்குக் கீழே.
டெலாக்ரோவில் இதற்காகத்தான் காத்திருப்போம்,
தண்ணீர் வற்றினால் ரெட்ஃபிஷ் ஒளிய இடமில்லை.
எஞ்சினை அணைத்துக் கழியை ஊன்றுகிறேன்.

முன்பலகையில் பிரென்டிஸ்,
ஷ்ரீவ்போர்ட்டில் பல் டாக்டர்.
காலையிலிருந்து மூன்று மீன்களை
நடு மண்டையில் தூண்டிலைப் போட்டு விரட்டியவர்.
"எங்கே எவேலியா, எங்கே?"

மீனைத் தேடாதீர்கள் என்கிறேன்.
காற்றுக்கு எதிராக நகரும் ஒரு சுருக்கம்,
மடவைக் குஞ்சுகள் காரணமில்லாமல் துள்ளும் ஓரம்,
மற்றதெல்லாம் சும்மா நிற்க
ஆடுகிற ஒரே ஒரு புல்.
மீன் கடைசியாகத்தான் தெரியும்.

வரைபடக் கருவி எங்களைத்
தரையில் நிற்பதாகக் காட்டுகிறது.
பொய்யில்லை. பழசு.

அதோ.
சிப்பி அப்பிய மூன்று சிமெண்டுப் படிகளின் பக்கத்தில்
ஒரு வால் எழுகிறது, கறுப்புப் பொட்டோடு.
தலை சேற்றுக்குள்.
பந்தியில் முதல் வரிசை கிடைத்தவனைப் போல
அக்கம்பக்கம் பாராமல் நண்டு தின்கிறது.

அது என் வாசற்படி என்று
அவரிடம் சொல்லவில்லை.
வீடு ஒரே இரவில் போனது.
மண் போக பதினோரு வருஷம்.
நவம்பர் தோறும் வரிச்சீட்டு மட்டும் தவறாமல் வருகிறது,
நாற்பத்திரண்டு டாலர்,
நானும் கட்டுகிறேன்.

"இரண்டு கை முன்னால். மெதுவாக."
முதல் முறையாகப் பேச்சைக் கேட்டார்.
சுருள் அலறியது.
இல்லாத வீட்டை இரண்டு முறை சுற்றியது மீன்.
படகை இடப்பக்கம் திருப்பினேன்,
சமையலறைக் கழிவுக்குழாய் இன்னும் அங்கே நிற்கிறது,
சிக்கினால் நரம்பு அறும்.

சிவப்பென்று பேர் வைத்தவன்
தூரத்தில் பார்த்திருப்பான்.
கையில் எடுத்தால் தேய்த்த செம்பு.
இருபத்தொன்பது அங்குலம்,
அனுமதிக்கு இரண்டு அதிகம்.
"யார் பார்க்கப்போகிறார்கள்?"
நான் பார்க்கிறேனே என்றேன்.

வாலடியைப் பிடித்து
தண்ணீருக்குள் முன்னும் பின்னும் அசைத்தேன்.
என் விரலைத் தட்டிவிட்டு
படிகளின் பக்கமே போயிற்று.

போட்டோவில் அவருக்குப் பின்னால்
தண்ணீர் மட்டும் விழுந்திருந்தது.
இந்த இடத்துக்கு என்ன பெயர் என்றார்,
நண்பர்களிடம் சொல்ல வேண்டுமாம்.

சிரித்துக்கொண்டே கழியைப் பிடுங்கினேன்.
தன் இடத்தை
எந்த வழிகாட்டியும் சொல்லமாட்டாள்.