மூன்று வினாடி

சாவியைத் திருப்பியதும்
தகர டப்பாவில் ஆணிகளைக் குலுக்கியதுபோல்
ஒரு சத்தம். மூன்று வினாடி.
பிறகு எண்ணெய் மேலேறி
ஒன்றும் நடக்காததுபோல் ஓடும் என் மைவி.

காலை நாலே முக்கால். பகாவில் அந்நேரம்
ஆலையின் புளித்த எண்ணெய் வாடை மட்டும் விழித்திருக்கும்.
மீட்டரில் மூன்று லட்சத்துப் பதினெட்டாயிரம்.
கடன் கட்டி முடித்து நாலு வருஷம் ஆன காடி.
என் பெயரில் வேறு எதுவும் இல்லை.

போமன் ஆ கியோங்கிடம் போய்ச் சேர்வதற்குள்
எஞ்சின் சூடாகிவிடும், சத்தமும் அடங்கிவிடும்.
"நல்ல பிள்ளையாதானே இருக்கு அக்கா" என்பான்,
தோட்டத்துப் பள்ளிக்கூட வேலியோரம் பழகிய தமிழில்.
பல் டாக்டர் வாசலில் வலி நின்றுபோனவள் மாதிரி
முழித்துக்கொண்டு நிற்பேன்.

மூன்றாம் தடவை கைபேசியில் பதிந்துகொண்டு போனேன்.
போட்டால், சத்தத்துக்கு முன்னால் யாரோ
"ஓடிரும்மா, இன்னிக்குத் திங்கக்கெழம" என்று கெஞ்சுகிறாள்.
நான்தான்.
அவன் அது காதில் விழாததுபோல்
மற்றதை மட்டும் நாலு முறை கேட்டான்.
எண்ணெய் மூடியைத் திறந்து டார்ச் அடித்தான்.
"டைமிங் செயின் தொங்கிருச்சு.
ஒரு வருஷமும் ஓடும். நாளைக்கே போனாலும் போகும்."

செயின், டென்ஷனர், கைடு, கூலி எல்லாம் சேர்த்து
ஆயிரத்து முந்நூறு வெள்ளி.
ஜப்பானிலிருந்து வரும் பழைய எஞ்சின் என்றால் மூவாயிரத்துச் சொச்சம்.
இப்படியே விற்றால் ஒன்பதாயிரம்.
சத்தத்தைச் சொல்லி விற்றால் ஏழு.
பெட்ரோல் ரசீதின் பின்புறம் எழுதிப் பார்த்தேன்.
மாதத்துக்கு ஒரு லிட்டர் எண்ணெய் குடிக்கிறது, அதையும் எழுதினேன்.
"நைஞ்ச சட்டைக்குப் புதுப் பித்தானா?" என்றார்
லோரி ஓட்டும் என் கொழுந்தன்.
தப்பில்லை. சட்டை நைந்ததுதான்.

ஆனால் திங்கள், புதன், வெள்ளி
அந்தச் சட்டைக்குள் மூன்று பேர்.
தபால்காரராக இருந்த சுல்கிப்லி,
கடைசி லைன் நாகரத்தினம், நான்.
கோலா பிலாவில் நாலு மணி நேரம்
ரத்தத்தைச் சலித்து வாங்கிக்கொண்டு
திரும்பி வருகையில் சுல்கிப்லி
கண்ணாடியில் தலையை முட்டுக்கொடுத்துத் தூங்குவார்.
ஒருநாள் அந்தத் தலை சாய்ந்த விதம் பிடிக்காமல்
ஓரங்கட்டி மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தேன்.
"இன்னும் இருக்கிறேன்" என்றார் மலாயில், கண் திறக்காமல்.
அந்த இடத்தில் இரண்டு பக்கமும் செம்பனை.
கைபேசியில் ஒரு கோடுகூட இல்லை.

செயின் சில பல் தாண்டினால் போதுமாம்,
வால்வும் பிஸ்டனும் முட்டிக்கொள்ளும்.
முன்கூட்டித் தெரியுமா என்று கேட்டேன்.
"அதான் தினமும் சொல்லுதே" என்றான் ஆ கியோங்,
கையைத் துடைத்தபடி.

வியாழக்கிழமை காலை காடியை விட்டேன்.
சாயங்காலம் பழைய செயினையும் புதியதையும்
அட்டைமேல் பக்கத்தில் பக்கத்தில் நீட்டிக் காட்டினான்.
வித்தியாசம் ஒரு விரல் நகத்தின் அளவு.
இவ்வளவுதானா?
"இவ்ளோதான்" என்றான். முந்நூறு இப்போது,
மீதி மாதாமாதம்.
எண்ணெய் குடிப்பது அப்படியேதான் இருக்கும் என்றும் சொன்னான்.

வெள்ளி நாலே முக்கால். சாவியைத் திருப்பினேன்.
ஒன்றுமில்லை. எஞ்சின் ஓடுகிறதா என்று
இறங்கி மூடிமேல் கை வைத்துப் பார்த்தேன்.

கடைசி லைனில் நாகரத்தினம் வாசலில் இல்லை.
ஹாரன் அடித்தேன், மறுபடியும் அடித்தேன்,
நாய்கள் எல்லாம் எழுந்துவிட்டன.
தலைமுடியை அள்ளி முடிந்தபடி ஓடி வந்தாள்.

"ஏண்டி, அந்தச் சத்தம் கேட்டுத்தானே
நான் செருப்பையே தேடுவேன்."