காலம் ஓட்டுதல்

இரவு ஒன்பது பத்துக்கு ஃப்ரீசர் கத்தத் தொடங்கியது.
ஜெனரேட்டர் டீசலுக்கு எழுதிய கடிதம்
நிர்வாகக் கட்டடத்தில், மூன்றாவது மேஜையில்,
கையெழுத்துக்குக் காத்திருந்தது.
சார் திருப்பதியில், கருத்தரங்கில்.
போனில் "கதவைத் திறக்காதீங்க" என்றார்.
அது எங்களுக்கே தெரியும்.

உள்ளே மெய்யம்மையின் என்சைம்:
ஆவாரம் விதையிலிருந்து நான்கு வருடம்
காலம் ஓட்டிப் பிரித்தது.
கண்ணாடிக் குழாயில் சொட்டுச் சொட்டாக இறக்குவதை
ஆய்வகத்தில் அப்படித்தான் சொல்வோம்.
வீட்டில் சொன்னால் வேறு மாதிரி கேட்கும்.
அப்புறம் நிஷாவின் செல்கள், என் பன்னிரண்டு குழாய்,
பள்ளத்தூரிலும் கோட்டையூரிலும்
வெறும் வயிற்றோடு வரிசையில் நின்று
நூற்றெழுபத்திரண்டு பேர் கொடுத்த ரத்தம்.

காரைக்குடியில் அந்நேரத்துக்கு உலர்பனிக்கு எங்கே போவது?
மீன் மார்க்கெட் ஐஸ் உண்டு. அது சைபர்.
எங்களுக்கு வேண்டியது அதற்கு வெகு கீழே.

அடைக்கலம் அண்ணன்தான் சொன்னார்.
கண்ணாடி கழுவுகிறவர்,
பதினோரு வருடமாகத் தற்காலிகம்.
"மாட்டாஸ்பத்திரில இருக்குமே,
புகை விடுற தண்ணி."

அவரும் ஜெஸிந்தாவும் டிவிஎஸ்ஸில்
கானாடுகாத்தான் போனார்கள்.
ஆய்வாளர் லுங்கியோடு வந்து பூட்டைத் திறந்து
"அந்தக் குடத்துல காளை வித்து இருக்கு,
அதுல மட்டும் கை வைக்காதீங்க" என்று
இன்னொன்றைக் கொடுத்தாராம்.
ஆளில்லாத பெரிய வீடுகளுக்கு நடுவே
இருட்டில் திரும்பி வந்தார்கள்,
மடியில் மைனஸ் நூற்றுத் தொண்ணூற்றாறு டிகிரி.

குடத்தில் நூற்றைம்பது குழாய்தான் பிடிக்கும்.

மெய்யம்மை டார்ச்சை வாயிலிருந்து எடுத்து
"முதல்ல ரத்தம். ஜனங்க குடுத்தது.
நம்மளது திரும்பப் பண்ணிக்கலாம்" என்றாள்.
ஏப்ரலோடு அவள் பதிவு முடிகிறது.
உதவித்தொகை ஏழு மாதமாக வரவில்லை.
எதைத் திரும்பப் பண்ணுவாள்?

நானும் தலையாட்டினேன்.
ஆட்டிவிட்டு, புகை எழும்பி முகங்களை மறைத்த நொடியில்
என் பன்னிரண்டையும் அடியில் இறக்கினேன்.
யாரும் பார்க்கவில்லை.
அடைக்கலம் அண்ணன் பார்த்தார்.
கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டு
அடுத்த ராக்குக்குக் கை நீட்டினார்.

நாலு நாற்பதுக்கு மின்சாரம் வந்தது.
திரையில் மைனஸ் இருபத்தாறு.
வெளியே நின்ற ரத்தம் முப்பத்து நான்கு.
நான் இல்லாவிட்டால் இருபத்திரண்டு.
ஒன்றாம் வகுப்புக் கழித்தல்.

திங்கட்கிழமை பள்ளத்தூர் அழகுமீனாள் கூப்பிட்டார்கள்.
மாதம் தவறாமல் கூப்பிடுகிறவர்கள்.
"ரத்தம் எடுத்த பொண்ணுதானே?
என்னுது என்னாச்சும்மா?"
எண்பத்தெட்டாம் எண். முப்பத்து நான்கில் ஒன்று.
கெட்டதா என்று சோதித்தால்தான் தெரியும்,
சோதிக்க நான் இன்னும் எடுக்கவில்லை.
"பாத்துக்கிட்டு இருக்கோம்மா" என்றேன்.
தொட்டியில் தண்ணீர் ஓடும் சத்தம் நின்றது.
பிறகு மறுபடி ஓடியது.

மெய்யம்மை புதிதாக விதை அரைத்திருந்தாள்.
அம்மா போனில் என்ன கேட்டார்களோ,
"காலம் ஓட்டிக்கிட்டு இருக்கேன்" என்று சிரித்தாள்,
இரண்டு அர்த்தத்திலும்.
எனக்கு அன்றைக்கு வேறு வேலை இருந்தது.
ஆனாலும் அவளுக்குக் கீழே உட்கார்ந்து
குழாய் மாற்றிக்கொண்டிருந்தேன்.
மூன்று மில்லி. அடுத்தது.
மூன்று மில்லி.
இருட்டுகிற வரைக்கும் அவளிடம் சொல்லவில்லை.