பெரிய எழுத்தில் ஒரு படிவம்

கையேட்டில் இருப்பவருக்கு முப்பத்திரண்டு வயது.
கந்தோருக்குப் போகிறார். மேலாளர் முகம் சுளித்தால்
தன்னை வெறுக்கிறார் என்று நினைக்கிறார்.
அவருக்காக வரைந்த கட்டங்களை
மாங்குளம் ஆதார வைத்தியசாலையின்
கடைசி அறையில்
எழுபத்து நான்கு வயது மடுத்தீன் முன் வைத்தேன்.

தாளை வெளிச்சத்துக்குப் பிடித்தார்.
தூரமாக்கினார். கிட்டக் கொண்டுவந்தார்.
"எறும்பு ஊருது பிள்ளை" என்றார்.

எதிர்க்கடையில் இரண்டு மடங்கு பெருப்பித்தேன்.
ஏழு கட்டத்தை மூன்றாக்கினேன்.
என் கதிரையை அவருடைய வலப்பக்கம் நகர்த்தினேன்,
இடக்காது இரண்டாயிரத்து ஒன்பதோடு சரி.
மின்விசிறியின் இரைச்சலை நிறுத்தி
வியர்த்துக்கொண்டே இருவரும்
ஆறுதலாகக் கதைக்கப் பழகினோம்.
ஐம்பது நிமிடத்தை நடுவில் முறித்து
ஒரு பிளேன்ரீ வைத்தேன்.
இதுவரைக்கும் சுகம்.
என்னை நானே கொஞ்சம் மெச்சிக்கொண்டும் இருந்தேன்.

முதற் கட்டம்: என்ன நினைத்தீர்கள்?
"படலைக்கு வெளியில போனா விழுவன்.
விழுந்தா தூக்க ஆளில்லை."
எழுதினேன்.
இரண்டாம் கட்டம்: அதற்கு என்ன ஆதாரம்?
வீட்டில் யோசித்து வாருங்கள் என்றேன்.

அடுத்த செவ்வாய்
உரப்பையொன்றோடு வந்தார்.
கிராம அலுவலரின் கடிதம், மூன்று பிரதி.
செஞ்சிலுவைக்காரர் தந்த அட்டை.
ஆணைக்குழு ஒன்று, பிறகு இன்னொன்று,
பிறகு ஓர் அலுவலகம்,
ஒவ்வொன்றும் முத்திரை குத்திக் கொடுத்த துண்டுகள்.
லேமினேட் செய்த மகன்,
மீசை அரும்பிய வயதில்.
மேசை போதாமல்
இரத்த அழுத்தக் கருவியைக் கீழே இறக்கினேன்.
"நீங்கள் கேட்ட ஆதாரம்" என்றார்.
"தூக்க இருந்தவன் இவன்."

வாசற்பலகையிலும் அந்தச் சொல்தான்.
அதை உச்சரித்த எல்லா மேசைகளுக்கும்
பதினைந்து வருடமாக
இந்தப் பையைத்தான் கொண்டு போயிருக்கிறார்.

மூன்றாம் கட்டம்: எதிரான ஆதாரம்.
நான் கேட்கவில்லை.
திரிந்த சிந்தனை என்று கையேடு சொல்லும்.
அந்த மேசையில் திரிந்து கிடந்தது எது என்று
எனக்குச் சொல்லத் தெரியவில்லை.
கடுதாசிகளை வந்த ஒழுங்கிலேயே
அவர் திரும்ப அடுக்கினார்.
பத்து நிமிடம். பிளேன்ரீ ஆறிப்போனது.

இரவு விடுதியில் மறுபடி வரைந்தேன்.
'ஆதாரம்' வெட்டினேன்.
'சாட்சி' எழுதி அதையும் வெட்டினேன்.
'நிரூபணம்', சீ.
முப்பது வருடம் முல்லைத்தீவு டிப்போவில்
பஸ் ஓட்டிய மனிதருக்கு
இரண்டே கேள்வி மிஞ்சின:
இன்றைக்கு றோட்டு எப்படி?
எதுவரை போகலாம்?

பார்த்துவிட்டு ஒரு சத்தம் போட்டார்.
சிரிப்பு என்று குறிப்பில் பதிந்தேன்.
"என்னைப் பஸ்ஸாக்கிப் போட்டியள்."

கண்ணில் புரை. எழுத்து வேண்டாம்.
நாட்காட்டித் தாளைக் கிழிக்கும்போது
பின்பக்கம் கோடு போட்டால் போதும்:
படலை ஒன்று, மதகு இரண்டு, கடை மூன்று.

திங்கள் ஒரு கோடு. செவ்வாய் ஒன்று.
புதன் வெறுந்தாள்.
வியாழன் இரண்டு,
ரூபவதி வீட்டு ஆடும் கூட வந்ததாம்.
வெள்ளி இரண்டு.
சனிக்கிழமை விழுந்தார்.

மதகு தாண்டி, கடைக்கு முன்னால்.
முழங்கால் உரிந்து, சாரம் கிழிந்து.
தாளில் இரண்டரைக் கோடு.
மணல் டிப்பர்க்காரன் ஒருவன்
இறங்கி வந்து தூக்கிவிட்டானாம்,
செருப்பையும் தேடித் தந்தானாம்.

என் பேனை தானாகவே
மூன்றாம் கட்டத்துக்கு ஓடியது.
கண்டுவிட்டார்.
"நல்ல பெடியன்" என்றார்.
கொஞ்சம் பொறுத்து,
"அவன் வேற ஆள்."
பேனையை மூடினேன்.

இப்போதும் உரப்பை வருகிறது.
இடப்பக்கக் கதிரையில் இருக்கிறது,
கேட்காத காதின் பக்கம்.
நாங்கள் அதைத் திறப்பதில்லை,
அகற்றச் சொல்வதுமில்லை.

பன்னிரண்டு அமர்வில் முடிக்கவேண்டும்.
இருபது கேட்டுக் கடிதம் போட்டிருக்கிறேன்.
காரணம் என்ற இடத்தில்
'நடக்கிறார்' என்று எழுதினேன்.