நெறி

கேத்தி வளைவில் மண் சரிந்த இரவு
கேரட் மூட்டைகளோடு என்னையும் உருட்டியது வண்டி.
மண்ணீரலை எடுத்துவிட்டார்கள்.
"ரத்தத்தின் சல்லடை அது. இல்லாமலும் வாழலாம்.
காய்ச்சல் வந்தால் மட்டும் விடியட்டுமென்று இருக்காதே"
என்றார் சிஸ்டர் ஹில்டா, மூன்று ஊசி போட்டு.

பெள்ளி சிரிப்பான்:
"சோலையை வெட்டின மலைடா நீ."

நேற்று கேரட் கழுவும் மிஷினில் விரல் கிழிந்தது.
இன்று அக்குளில் பட்டாணியளவு நெறி.
காய்ச்சல் இல்லை.
தெர்மாமீட்டரும் வண்டிச்சாவியும் தலையணைக்கடியில்.

உறைபனி இறங்கும் நேரம்
அங்கே யாரோ தூங்கவில்லை.
விரல்வழி நுழைந்தவனின்
கிழிந்த சட்டைத்துண்டைக் காட்டி
வரிசையில் நிற்பவர்களிடம் கேட்கிறார்கள்:
தெரியுமா இவனை? உனக்கு? உனக்கு?
லட்சத்தில் எவனோ ஒருவன் தலையாட்டுகிறான்;
அவனே நூறாகிறான்,
நெரிசலில் சுவர் புடைக்கிறது.

வலிக்கட்டும்.